செஞ்சிக்கு வந்த வடக்கத்தியார்

1690களில் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்த முகலாயப் படையில் பீம்சேன் என்று ஓர் எழுத்தர் இருந்தார். காயஸ்த குலத்தவர். புந்தேல்கண்டைச் சேர்ந்த தத்தியா அரசர் தல்பத் ராவிடம் ஊழியம் பார்த்தவர். ராஜாராமின் மராட்டியர் கோட்டைக்குள்ளும், சுல்பிகார் கானின் முகலாயர் வெளியிலுமாக அந்த முற்றுகை 1690 முதல் 1698 வரை இழுத்தது. இடையில் படை ஊர் ஊராக அலைந்தது. பீம்சேனும் கூடவே அலைந்து, தாம் கண்டதையெல்லாம் ‘தாரீக்-இ-தில்குஷா’ என்ற பாரசீக நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார்.

அந்தக் குறிப்பில் கர்நாடகப் பிரதேசம் என்று அன்று அழைக்கப்பட்ட நம் பக்கத்தைப் பற்றி இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. கோயில்களைப் பார்த்து அவர் மலைத்துப் போகிறார். மனிதர்களைப் பார்க்கும்போது வேறு ஆளாகிவிடுகிறார். கறுத்தவர்கள், உருவம் கோணலானவர்கள், முன்பின் பார்த்திராத ஒருவன் இருட்டில் இவர்கள் எதிரே அகப்பட்டால் அச்சத்திலேயே உயிரை விடுவான் என்கிற பொருளில் எழுதுகிறார். கோபுரத்தைக் கட்டியவன் கையும், அவர் பார்த்து முகம் சுளித்தவன் கையும் ஒன்றுதான் என்ற எண்ணத்துக்கு அந்த வரிகளில் இடமே இல்லை. இன்று கைப்பேசியில் பரவும் ‘மதராசி’ கேலிகளுக்கு முந்நூறு ஆண்டுக்கு முந்தைய மூதாதை இது. அதன் பிறந்த ஊர் செஞ்சிச் சீமை என்பதைச் செஞ்சியைப் பற்றி எழுதும் யாரும் தாண்டிப்போகக் கூடாது.

ஆனால் இதே செஞ்சி, பீம்சேன் ஊழியம் பார்த்த அந்தப் புந்தேலரில் ஒருவனைப் பாட்டுடைத் தலைவனாக்கி மூன்று நூற்றாண்டாகப் பாடிக்கொண்டிருக்கிறது. தேசிங்கு ராஜன்தான் அவன். வெளியாள் மேல் முத்திரை எப்போது விழுகிறது, எப்போது அழிகிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல சான்று தமிழ்நாட்டில் வேறு கிடைக்காது என்பது என் எண்ணம்.

நடந்தது சுருக்கமாக இதுதான். முகலாயர் கோட்டையைப் பிடித்தபின் சொரூப் சிங் என்ற புந்தேல ராஜபுத்திரர் கிலேதார், அதாவது கோட்டைத் தலைவர், ஆனார். ஆர்க்காட்டு நவாபுக்குக் கட்டவேண்டிய பணம் ஆண்டுக்காண்டு பாக்கி விழுந்தது. 1714இல் சொரூப் சிங் இறந்தார். மகன் தேஜ் சிங் புந்தேல்கண்டிலிருந்து வந்து, கோட்டை தன் தகப்பன் உரிமை என்று பொறுப்பேற்றான். நவாப் சாதத்துல்லா கான் பாக்கியைக் கேட்டார். இளைஞன் மறுத்தான். 1714 அக்டோபர் 3ஆம் நாள் வராக நதியைத் தாண்டி, கடலி ஊருக்கு அருகே, நவாபின் பெரும்படையைச் சில நூறு குதிரை வீரர்களோடு எதிர்த்து நின்று மடிந்தான். வயது இருபத்திரண்டு என்கிறார்கள். ஆட்சி ஓராண்டுகூட நிறையவில்லை. மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாபே ராணிப்பேட்டை என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

பணத் தகராறு, வாரிசுத் தகராறு. இரண்டு தரப்பும் வெளியிலிருந்து வந்தவை. சாதத்துல்லா கானின் நவாயத் குடி கொங்கணக் கரைக்காரர்கள். தேஜ் சிங் நர்மதைக்கு அப்பாலிருந்து வந்தவன். இவர்களில் யார் வென்றால் செஞ்சிக் குடியானவனுக்கு என்ன? வரி யாருக்குப் போனாலும் அவன் களத்து நெல்தான் போகும். அப்படியிருந்தும் சனங்கள் ஒரு தரப்பை எடுத்துக்கொண்டார்கள். தோற்ற தரப்பை எடுத்துக்கொண்டார்கள்.

எப்படி என்பதைக் கதைப்பாடல் காட்டுகிறது. பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளில் விற்ற தேசிங்கு ராஜன் கதையில், டெல்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத ஒரு குதிரை இருக்கிறது. அதை அடக்க முடியாமல் தகப்பன் சிறைப்பட, பிள்ளை போய் அடக்கிக் காட்டுகிறான். இதுவரை அவன் வடக்கத்தியான்தான். செஞ்சிக்கு வந்தபின் பாட்டு அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக இந்த மண்ணில் ஊன்றுகிறது. அதில் முதல் வேலை, அவனுக்கு ஒரு சாமியைக் கொடுப்பது. கோட்டைக்கு வடக்கே சிங்கவரத்துக் குன்றில் பல்லவர் குடைந்த குகையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். தேசிங்கு அவரிடம் உத்தரவு கேட்கிறான். இன்று போகாதே என்று சாமி தடுக்கிறது. இல்லை, போவேன் என்கிறான். அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சிங்கவரத்துக்குப் போகிறவர்களுக்கு இன்றும் அந்தத் தலைச் சாய்வைக் காட்டி இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். கோபித்து முகம் திருப்புவது உரிமை உள்ளவர்களிடம் மட்டுமே நடக்கிற காரியம். வேற்றாளிடம் சாமி கோபிக்காது.

அடுத்தது நண்பன். மகபத் கான் என்ற முஸ்லிம் வீரன், பாட்டில் மோவுத்துக்காரன். திருமணப் பந்தலில் இருந்தவன் தேசிங்கின் ஓலை கண்டதும் எழுந்து போருக்கு வருகிறான். நண்பனுக்கு முன்பே களத்தில் சாகிறான். கடலியை ஒட்டிய நீலாம்பூண்டியில் அவனையும் குதிரையையும் அடக்கம் செய்ததாகச் சொல்லும் இடம் இருக்கிறது. எதிரி நவாப் முஸ்லிம். உயிர் கொடுத்தவனும் முஸ்லிம். பிற்காலத்தார் இந்தப் போரை மதப் போராக்கப் பார்த்தால் அதற்குப் பாட்டே தடையாக நிற்கிறது. பாடியவர்கள் கெட்டிக்காரர்கள். ஒருவனை நம்மவனாக்க அவனுக்கு இங்கே ஒரு சாமியும் ஒரு சிநேகிதனும் ஒரு சாவும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தேஜ் சிங் எப்படித் தேசிங்கு ராஜன் ஆனான் என்பதை வரலாற்றாசிரியர் சஞ்சய் சுப்ரமணியம் 1999இல் நீண்ட ஆய்வாக எழுதினார். அதற்கு வெகு முன்பே, 1943இல் வெளிவந்த சி. எஸ். சீனிவாசாச்சாரியின் செஞ்சி வரலாறு பாட்டையும் ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இரண்டையும் படித்தால் பாட்டு எதைத் தூக்கிப் பிடிக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரியும். விட்டது வரியை. சொரூப் சிங்கின் கோட்டைச் செலவுக்கு நெல் அளந்தவர்கள் யார், அந்தப் பாக்கி யார் முதுகில் ஏறியது என்ற பேச்சு பாட்டில் இல்லை. ஆளவந்தவனை மன்னிக்கத் தமிழ்ச் சனங்களுக்குப் பெரிய மனது இருந்தது என்றே இதைப் படிக்கிறேன். 1960இல் எம்.ஜி.ஆர். தேசிங்காகத் திரையில் வந்தபோது கொட்டகையில் ஒருவர்கூட ‘இவன் இந்திக்காரன்’ என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

தேசிங்கோடு வந்தவர்கள் எல்லோரும் களத்தில் சாகவில்லை. புந்தேலப் படைவீரர்களின் சந்ததி ஆர்க்காட்டுச் சீமையெங்கும் தங்கிவிட்டது. பொந்திலி என்று அவர்களுக்குப் பெயர். 1909இல் வந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பில் அவர்களுக்குத் தனித் தலைப்பு உண்டு. தமிழ்நாட்டு அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கிறது. வீட்டுக்குள் ஒரு கலப்பு மொழி, தெருவில் தமிழ், பெயருக்குப் பின்னால் சிங். அக்கம்பக்கத்தார் இவர்களை ‘சிங்கு வீடு’ என்று அடையாளம் சொல்வார்கள். அந்தச் சொல்லில் வெறுப்பு கிடையாது. தச்சர் வீடு, வைத்தியர் வீடு என்பதுபோல வீட்டைக் காட்டும் பேச்சுதான்.

இனி ‘வடக்கு’ என்பது எங்கே தொடங்குகிறது என்று பார்க்கவேண்டும். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை வடவெல்லையாக வைக்கிறது. அப்படியானால் திருப்பதிக்கு அந்தப் பக்கம் வடக்கு. சங்கப் பாடல்களில் வடுகர் என்று வருகிறவர்கள் மொழி தெரியாத, முரட்டு வடக்கத்தியார். விஜயநகர ஆட்சியோடு செஞ்சிக்கு வந்த நாயக்கர்கள் அந்த வடுகர் வழியினர். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியில் இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் களஞ்சியங்களிலும் கல்யாண மகாலிலும் பெரும்பகுதி அவர்கள் காலத்து வேலை. அவர்களோடு வந்து குடியேறிய ரெட்டியார், நாயுடு குடும்பங்கள் செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் நிலம் வைத்து, ஏரி வெட்டி, இன்று தமிழ்நாட்டாரில் தமிழ்நாட்டாராக இருக்கிறார்கள். ஒருகாலத்து வடக்கு இப்போது தெற்குக்குள் அடக்கம்.

சங்க இலக்கியத்தில் வடவர் எந்தெந்தக் கோலத்தில் வருகிறார்கள் என்று கணக்கெடுத்தால் மனம் விரியும். படையோடு வரும் மோரியர் உண்டு. கயிற்றின் மேல் ஆடி, பறை கொட்டிப் பிழைக்கும் ஆரியக் கூத்தர் குறுந்தொகையில் உண்டு. ஊர்விட்டு ஊர் வந்து வித்தை காட்டி வயிறு கழுவியவர்கள் அவர்கள். இன்னொருவர் பிரகத்தன் என்னும் ஆரிய அரசர். அவருக்குத் தமிழ் நெறி அறிவிக்கக் கபிலர் பாடியதுதான் குறிஞ்சிப்பாட்டு என்பது பழைய குறிப்பு. பகைவர், கூலிக்கு ஆடுபவர், மாணவர் என மூவருக்கும் அதே இலக்கியத்தில் இடம் இருந்தது. சிலப்பதிகாரத்தில் இதற்கு மாறான சூடு இருக்கிறது. தமிழ் அரசரை இகழ்ந்து பேசிய கனக விசயர் தலையில் கல்லேற்றி வருகிறான் செங்குட்டுவன். வடக்கின் ஏளனமும் தெற்கின் ரோசமும் அவ்வளவு பழையவை. ஆனால் அங்கும் ஏளனம் செய்ததாகச் சொல்லப்படுபவர்கள் அரசர்கள். கயிற்றின் மேல் ஆடியவன் தலையில் யாரும் கல்லை ஏற்றவில்லை.

செஞ்சிக்குத் தெற்கே பனமலைக்குப் போனால் இந்த எல்லைக்கோடு இன்னும் மங்கிவிடுகிறது. ஏரிக்கரையை ஒட்டிய குன்று. அதன் மேல் தாளகிரீசுவரர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காஞ்சிக் கைலாசநாதரைக் கட்டிய அதே ராஜசிம்ம பல்லவன் கட்டியது. பின்கால் மடித்து உட்கார்ந்த சிங்கங்கள் தூண்களைத் தாங்குகின்றன. கோயிலில் அவன் வெட்டிவைத்த கல்வெட்டு, பல்லவ கிரந்த எழுத்தில், வடமொழிச் சுலோகங்களாக இருக்கிறது. தன் குடியைப் பாரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் என்று பாரதக் கதை மாந்தர் வழியாக இறக்குகிறான். அதாவது தொண்டைநாட்டில் உட்கார்ந்து கங்கைக்கரை முனிவரைப் பாட்டன் என்கிறான். தமிழ் மரபிலோ தொண்டைமானுக்கு வேறு பிறப்பு. சோழனுக்கும் நாக கன்னிக்கும் பிறந்து, தொண்டைக் கொடியைச் சுற்றி அலையில் விடப்பட்டு வந்த பிள்ளை என்கிறார்கள். இவற்றுக்கு நடுவில் நவீன ஆய்வாளர்கள் பல்லவரைப் பாரசீகப் பகலவர் என்றும், ஆந்திரத்துக் குடி என்றும், தொண்டை மண்ணவர் என்றும் மூன்று பக்கமாக இழுத்தார்கள். பல்லவரின் முதல் செப்பேடுகள் பிராகிருதத்தில் எழுதப்பட்டவை, சில ஆந்திரத்தில் கிடைத்தவை என்பதுதான் அந்த இழுபறிக்கு விதை.

எனக்கு இதில் படுவது ஒன்று. குடிப்பெருமைக்கு வடக்கத்திப் பாட்டன் தேவைப்பட்டபோது தெற்கத்தி அரசன் வெட்கப்படாமல் எடுத்துக்கொண்டான். தேவாரம் பாடியவர்களுக்கு மண்ணின் மொழி தேவைப்பட்டபோது அதே பல்லவ நாட்டில் தமிழ் கோயிலுக்குள் ஏறியது. இரண்டும் அடுத்தடுத்து நடந்தன.

பனமலைக் கோயிலின் சிறு சன்னதி ஒன்றின் உட்சுவரில் உமையின் ஓவியம் எஞ்சியிருக்கிறது. குடை நிழலில் நிற்கிறாள். ஒரு காலை மடித்துப் பின்சுவரில் ஊன்றி, தலையைச் சற்றே சாய்த்து, ஈசனின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆடுகிறவர் இருந்த சுவர்ப்பூச்சு பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. பார்க்கிறவள் மட்டும் மிச்சம். மகுடத்தின் கோடும், இடையின் வளைவும், பாதி மூடிய கண்ணும் அஜந்தாவை நினைவூட்டுகின்றன என்று கலை வரலாற்றார் சொல்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த நிற்கிற நிலை, வேலை முடித்து வாசற்சுவரில் சாய்ந்து நிற்கும் நம் ஊர்ப் பெண்ணுடையது. வடக்கத்திப் பாணியா தெற்கத்திப் பாணியா என்று கேட்டால் அந்தச் சுவர் ஒரு பக்கம் சாயாது. வரைந்தவன் விந்தியத்துக்கு எந்தப் பக்கம் பிறந்தான் என்பதைவிட, அவன் கை எவ்வளவு ஊர்களைப் பார்த்துப் பழகியது என்பதே அதில் தெரிகிறது.

இவ்வளவு கலந்த நிலத்தில் ‘வடக்கன்’ என்ற சொல் எப்படி வசையானது?

முதலில், வேறு சிலவற்றை இதிலிருந்து பிரிக்கவேண்டும். 1937–40இலும் 1965இலும் இந்தித் திணிப்பை எதிர்த்து நடந்தவை மொழியுரிமைப் போராட்டங்கள். ‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’ என்று அண்ணா காலத்துத் தி.மு.க. முழங்கியது தொழில் ஒதுக்கீட்டைப் பற்றி, டெல்லியிடம் கேட்ட கணக்கு. இன்று தொகுதி மறுவரையறையைப் பற்றிய கவலையும் அப்படித்தான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் பிள்ளைப்பேறு விகிதம் 1.8, பிகாருடையது 3.0. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் நாடாளுமன்றத்தில் குரலை இழக்கக் கூடாது என்பது நேர்மையான வழக்கு. இவை அரசுகளுக்கு இடையிலான வழக்குகள். இவற்றைச் சொல்கிறவரை வடவர் வெறுப்பாளர் என்பது தவறு. அதேபோல, இந்த வழக்கைச் சொல்லிக்கொண்டே பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பிகார்ப் பையனைப் பார்த்து மூக்கைச் சுளிப்பதும் தவறு. அந்தப் பையன் எந்தத் தொகுதியையும் வரையவில்லை.

வெறுப்பின் வழி வேறு. நம் சிற்றூர்களில் இரண்டு தலைமுறைக்கு முன் வடக்கத்தியார் என்றால் சேட்டு. கடைத்தெருவில் அடகுக்கடை, உள்ளே வெள்ளை மெத்தை, சுவரில் சாமி படம், முன்னால் தராசு. மகளின் கல்யாணத்துக்கும் உரத்துக்கும் தாலிக்கொடியை அங்கேதான் கொண்டுபோனோம். கடன் கொடுத்தவன் மேல் கடன் வாங்கியவனுக்கு எங்கும் உள்ள கசப்பு இங்கும் உண்டு. திரைப்படம் அந்தக் கசப்பைச் சிரிப்பாக மாற்றியது. ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று கொச்சைத் தமிழ் பேசும் தொந்திக்காரர் படத்துக்குப் படம் வந்தார். சேட்டு பணக்காரர், நாம் கடன்காரர், அதனால் அவர் நம் கற்பனையில் கஞ்சர், தந்திரக்காரர்.

இதற்கு அருகிலேயே ஒரு முரண் இருக்கிறது. சேட்டுகளில் பலர் சமணர். செஞ்சியைச் சுற்றியும் சமணர் உண்டு: மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்ச் சமணர், நயினார் என்று ஊர் அழைப்பவர்கள். திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு அவர்கள் மரபின் பழமைக்குச் சான்று. இவர்கள் உழுதுண்ணும் வேளாண் குடிகள்; தாய்மொழி தமிழ். மதம் ஒன்றாயிருந்தும் நயினாரை யாரும் வடக்கத்தியார் என்று சொன்னதில்லை. சேட்டை யாரும் நயினார் என்றதும் இல்லை. ஊர் பார்த்தது மதத்தையோ உணவையோ அல்ல, தனக்கும் அவருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை.

இப்போதைய வடக்கத்தியார் சென்ட்ரிங் பலகை அடிக்கிறார், டைல்ஸ் ஒட்டுகிறார், உணவுவிடுதியில் மேசை துடைக்கிறார், நாற்று நடக்கூட வந்துவிட்டார். பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் என்று ஐந்தாறு மொழிக்காரர்களை ‘வடக்கன்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம். சேட்டுக்குச் சொன்ன குற்றம் பணத்தாசை. இவர்களுக்குச் சொல்லும் குற்றங்கள் நேர்மாறு. அழுக்கு, பான்பராக் எச்சில், கூட்டம், முன்பதிவுப் பெட்டியில் ஏறிக்கொள்வது. ஆள் வந்த திசை ஒன்றே. நிற்கும் படி மாறியதும் குணம் மாறிவிட்டதாகச் சொல்கிறோம். மேலே நின்றால் சூழ்ச்சிக்காரன், கீழே நின்றால் அழுக்கன். குதிரையில் வந்து செத்தவன் ராஜன். 2024இல் பாஸ்கர் சக்தி இயக்கிய படத்துக்கு ‘வடக்கன்’ என்று வைத்த பெயரைத் தணிக்கை ஏற்காமல், அது ‘ரயில்’ என்று வெளிவந்தது. அந்தச் சொல் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

மும்பையில் இதே கதை தலைகீழாக நடந்தது. 1960இல் பால் தாக்கரே தொடங்கிய ‘மார்மிக்’ இதழ், நிறுவனங்களில் அதிகாரிகளாக இருந்த தென்னிந்தியரின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. 1966இல் சிவசேனை பிறந்தது. லுங்கிக்காரனை விரட்டு என்பது முழக்கம். உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. தாராவியிலும் மாட்டுங்காவிலும் தமிழர்கள் அஞ்சி நடந்த ஆண்டுகள் அவை. தட்டச்சும் சுருக்கெழுத்தும் ஆங்கிலமும் கற்றுப் போன தென்னகத்து இளைஞர்கள் அலுவலக வேலைகளைப் பிடித்ததே மூலகாரணம் என்று அந்த இயக்கத்தை ஆராய்ந்து 1979இல் நூல் எழுதிய மேரி கட்சன்ஸ்டைன் காட்டுகிறார். 1968இல் வந்த ‘படோசன்’ படத்தில் மெகமூத் குடுமி வைத்த தமிழ்ப் பாட்டு வாத்தியாராக வந்து வடநாட்டைச் சிரிக்கவைத்தார். நாம் சேட்டைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. பிறகு என்ன ஆயிற்று? நாற்பதாண்டு கழித்து, 2008இல், ராஜ் தாக்கரேயின் கட்சியினர் அதே மும்பையில் அடித்தது பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்களை. ‘மதராசி’யை மறந்தே போனார்கள். அவன் திருந்திவிட்டானா? இல்லை, வேலைக்கான போட்டி வேறு ஆள் பக்கம் நகர்ந்துவிட்டது.

உறவு மாறினால் முத்திரையும் மாறும் என்பதைப் பாட்னாவில் நடந்த ஓர் ஆய்வு சோதனைச்சாலைத் துல்லியத்தோடு காட்டுகிறது. சின்ஹா, உபாத்யாயா என்ற இரு உளவியலாளர்கள் 1959 பிப்ரவரியில் பல்கலைக்கழக மாணவர்களிடம் பல நாட்டவரின் குணங்களைக் கேட்டார்கள். சீனர்கள் நட்பானவர்கள், நேர்மையானவர்கள், வீரர்கள் என்றார்கள் மாணவர்கள். எல்லைத் தகராறு மூண்டது. டிசம்பரில் திரும்பக் கேட்டபோது சீனர்கள் ஏமாற்றுக்காரர்கள், கொடியவர்கள், சுயநலக்காரர்கள் ஆகியிருந்தார்கள். பத்து மாதத்தில் கோடிக்கணக்கான மக்களின் குணம் மாறாது. நாடுகளுக்கு இடையே இருந்த உறவு மாறியது. மாணவர் மனதில் குணப்பட்டியல் அதைப் பின்தொடர்ந்து மாறியது.

முத்திரை நம் மேலும் திரும்பி விழும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்ற பொய்க் காணொளிகள் வடக்கில் பரவின. வேறெங்கோ நடந்த அடிதடிக் காட்சிகளை எடுத்து நம் ஊர்ப் பெயரை ஒட்டியிருந்தார்கள். ஹோலி சமயம், தொழிலாளர்கள் ஊருக்கு ரயிலேறினார்கள், பிகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது, தமிழ்நாட்டுக் காவல்துறை வழக்குகள் பதிந்தது, முதல்வர் ஸ்டாலின் தொழிற்சாலைக்கே போய்த் தொழிலாளர்களிடம் பேசினார். தமிழர் மேல் வீசப்பட்ட பெரிய அவதூறு அது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பொய் ஏன் அவ்வளவு வேகமாக நம்பப்பட்டது என்பதையும் நாம் யோசிக்கவேண்டும். இங்கே தினமும் கேட்கும் வசைகளை வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்தப் பொய் முழுப் பொய்யாகத் தோன்றியிருக்காது.

மறுபடி செஞ்சிக்கு வருவோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராட்டிய இராணுவ நிலவமைப்புகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக்கியது. பதினொன்று மகாராட்டிரத்தில், ஒன்று செஞ்சி. கோனார் கட்டிய கோட்டைக்கு மராட்டியர் பெயரா என்று இங்கே குரல்கள் எழுந்தன. உள்ளூர் மரபு அனந்தக்கோனைத்தான் முதலில் சொல்கிறது. அந்தக் குரலில் நியாயம் உண்டு. ஆனால் 1677இல் பீஜப்பூரிடமிருந்து கோட்டையைப் பிடித்த சிவாஜி அதன் மதில்களைப் பலப்படுத்தியதும் நடந்ததுதான். கோனார், நாயக்கர், பீஜப்பூரார், மராட்டியர், முகலாயர், புந்தேலர், நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கைமாறிய கோட்டைக்கு ஒரே உரிமையாளரைத் தேடினால் தோல்விதான் மிஞ்சும். அரசர் பெயர்களுக்காக இவ்வளவு வாதாடும் நாம், அந்தக் கோட்டைக்குப் போகும் சாலையில் கட்டடம் எழுப்பும் ஆளின் பெயரைக் கேட்பதில்லை.

பெயர் கேட்காத இடத்திலும் உறவு முளைக்காமல் இல்லை. கட்டட வேலை நடக்கும் எந்த இடத்திலும் மேஸ்திரி, “டேய் பையா, அந்தக் கரணையை எடு” என்பார். அவன், “இந்தாங்க அண்ணா” என்பான். இவர் அவன் மொழியில் கூப்பிட, அவன் இவர் மொழியில் பதில் சொல்கிறான். மதியம் ஒரே நிழலில் சாப்பாடு. மேஸ்திரி நேற்று மாலை டீக்கடையில் ‘வடக்கனுங்க வந்து நம்ம பொழப்பக் கெடுத்துட்டானுங்க’ என்று சொன்னவராகவும் இருக்கலாம். இரண்டும் உண்மைதான். தெரிந்த பையன் வேறு, தெரியாத வடக்கன் வேறு.

அவர் டீக்கடையில் சொன்னதையும் தள்ளிவிடக் கூடாது. வெறுப்புக்கு உள்ளே ஒரு கூலிக் கணக்கு இருக்கிறது. உள்ளூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கொடுக்கும் கூலியைவிடக் குறைத்து, தங்கவைத்து, கூடுதல் நேரம் வேலை வாங்க முடிகிறது என்பதால்தான் ஒப்பந்ததாரர் ரயிலில் ஆள் இறக்குகிறார். வேலை இழந்தவன் எரிச்சல் எதிரே நிற்பவன் மேல் பாய்கிறது. குறைத்துக் கொடுத்தவர் அங்கே இல்லை. இதைத் தடுக்கவே 1979இல் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கு உள்ளூராருக்கு உள்ள கூலிக்குக் குறையாமல் வெளியூராருக்கும் தரவேண்டும், இடம்பெயர்வுப் படி தரவேண்டும், தங்குமிடம் தரவேண்டும் என்றது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வெளிமாநிலத்தவர் வேலைசெய்யும் இடங்களுக்கும், அத்தனை பேரை வைத்திருக்கும் ஒப்பந்ததாரருக்குமே அது பொருந்தும் என்றும் வரையறுத்தது. செஞ்சிக்கும் பனமலைக்கும் இடையில் நாம் கட்டும் வீடுகளில் மூன்று பேர், நான்கு பேர்தான் வேலைசெய்கிறார்கள். அந்த வீடுகளின் வாசலுக்கு அந்தச் சட்டம் வரவே இல்லை. கூலியைப் பேசி முடிப்பவர்கள் வீட்டுக்காரராகிய நாம்தான்.